தொற்றுநோயில் எந்த அரசு தேறியது, எதை வைத்துச் சொல்வது?

வடகாற்று:

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரு கட்சிக்கு நாட்டையே மூடிய நியூசிலாந்து வேதம், மற்றொன்றுக்குப் பொது ஊரடங்கு போடாத ஸ்வீடன். அவரவருக்கு வசதியான மாதத்தின் எண்ணிக்கையை வெட்டி எடுத்துக்கொண்டு மல்லுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2019 அக்டோபரில் 195 நாடுகளின் தயார்நிலையை அளந்து உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு வெளியானது. ஆய்வகம், சட்டம், மருத்துவமனை, கண்காணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாமிடம் பிரிட்டனுக்கு. வியட்நாம் 50-ஆவது. 2020 முடிந்தபோது அமெரிக்காவில் சுமார் மூன்றரை லட்சம் பேர் இறந்திருந்தார்கள்; வியட்நாமின் கணக்கு 35 பேர். அந்த மதிப்பெண் எதைத்தான் அளந்தது?

என் கேள்வி இதுதான். ஒரு அரசு நோயைச் சமாளித்ததா, சொதப்பியதா என்று எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? கொரோனாவோடு நிறுத்தாமல் பழைய நோய்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம்.

கறார்பேர்வழி:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? உத்தரவு போட்டால் நடக்கிற நாடு தப்பிக்கும். பேசிக்கொண்டே இருக்கிற நாடு பிணத்தை எண்ணும்.

1972-இல் யுகோஸ்லாவியாவுக்குள் பெரியம்மை நுழைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இல்லாத நோய். அதிபர் டிட்டோவின் அரசு ஊர்களைச் சுற்றி வளைத்தது, சாலைகளை மறித்தது, ஹோட்டல்களைக் கையகப்படுத்தித் தனிமைப்படுத்தும் இடங்களாக்கியது. சில வாரங்களில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேருக்கு அம்மை குத்தியது. மக்கள்தொகையே இரண்டு கோடி சொச்சம்தான்! 175 பேருக்கு நோய், 35 சாவு, அத்தோடு ஆட்டம் முடிந்தது. 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று வந்தபோது சீனாவில் பெய்ஜிங் அருகே சியாவோடாங்ஷானில் ஒரே வாரத்தில் ஒரு மருத்துவமனையையே எழுப்பினார்கள். தேர்தலுக்குப் பயப்படும் அரசால் இது முடியுமா?

பழையகோப்பு:

கறார்பேர்வழி ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு கதைகளிலும் முதல் பாதியை விட்டுவிட்டீர்கள்.

யுகோஸ்லாவியாவில் யாத்திரை போய்த் திரும்பிய ஒருவரிடமிருந்து நோய் பரவத் தொடங்கிப் பல வாரங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நோயுற்ற ஒரு ஆசிரியரைப் பென்சிலின் ஒவ்வாமை என்று முடிவுகட்டி, பெல்கிரேடில் மருத்துவ மாணவர்களைக் கூட்டி வைத்து, "இதோ பாருங்கள், அபூர்வமான நோயாளி" என்று காட்டியிருக்கிறார்கள். அவர் ஒருவரிடமிருந்தே முப்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. பிறகு நடந்த வேகம் மெச்சத்தக்கதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசைகளில் நின்றவர்களைத் துப்பாக்கி முனையில் யாரும் கொண்டுவரவில்லை. பெரியம்மை என்றால் என்னவென்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தது.

சார்ஸ் கதை இன்னும் மோசம். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் 2002 நவம்பரிலேயே நோய் தொடங்கிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்துக்குச் செய்தி போனது 2003 பிப்ரவரியில். ஏப்ரலில் பெய்ஜிங் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சுகாதார அமைச்சர் அறிவித்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கொதித்துப்போன ராணுவ மருத்துவர் ஜியாங் யன்யோங், ராணுவ மருத்துவமனைகளில் நோயாளிகள் குவிந்து கிடப்பதை எழுதி ஊடகங்களுக்கு அனுப்பினார். சில நாள்களில் அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். ஒரு வாரத்தில் மருத்துவமனை கட்டப்பட்டது இதற்குப் பிறகுதான். ஐந்து மாதம் உறங்கிவிட்டு ஏழு நாளில் கட்டிய கட்டடத்துக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்திலேயே வியட்நாம். அங்கும் ஒரு கட்சி ஆட்சிதான். ஹனோயில் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகப் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி, பிப்ரவரி இறுதியில் ஒரு நோயாளியைப் பார்த்ததுமே இது புதிய ஆபத்து என்று கண்டுகொண்டார். மார்ச் 9 அன்று அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார். அவர்களும் காதுகொடுத்தார்கள், வெளிநாட்டு நிபுணர்களை உள்ளே விட்டார்கள், மருத்துவமனையை மூடினார்கள். 63 நோயாளிகள், 5 சாவு. ஏப்ரல் 28 அன்று சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடாக வியட்நாம் அறிவிக்கப்பட்டது. உர்பானி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அதே நோய் மார்ச் 29 அன்று அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஒரே வகை ஆட்சி, ஒரே நோய், ஒரே ஆண்டு. கெட்ட செய்தி கீழிருந்து மேலே போனபோது அதைக் கொண்டுபோனவருக்கு என்ன நடந்தது? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சட்டப் புத்தகம் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் பிறகு.

எதிர்க்கேள்வி:

அப்படியானால் மக்களாட்சியில் செய்தி தானாக மேலே போய்விடுமா?

பழையகோப்பு:

போகாது. நல்ல வேளையாகக் கேட்டீர்கள். 1892 ஹாம்பர்க்கைப் பாருங்கள். ஜெர்மன் பேரரசுக்குள் தன்னைத் தானே ஆண்டுகொண்ட வணிக நகரம். மன்னரோ தளபதியோ கிடையாது. சொத்துள்ளவர்கள் வாக்களித்து, சொத்துள்ளவர்களே ஆண்டார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணல் வடிகட்டி அமைக்கும் திட்டம், செலவை யார் ஏற்பது என்ற சண்டையில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கிடந்தது.

ஆகஸ்டில் காலரா வந்தது. மருத்துவர்கள் சந்தேகம் தெரிவித்த பிறகும் அதிகாரிகள் அறிவிக்கத் தயங்கினார்கள். அறிவித்தால் துறைமுகம் படுத்துவிடும் என்ற பயம். இதற்கிடையில் புலம்பெயர்வோரை ஏற்றிய கப்பல்கள் நியூயார்க்குக்குக் கிளம்பின. நடுக்கடலிலேயே காலரா பலரைக் கொன்றது. நிலைமையைப் பார்க்க பெர்லினிலிருந்து நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக் வந்தார். முடிவில் நகரத்தில் 8,600 பேர் மாண்டார்கள்.

இனி ஒட்டியிருந்த அல்டோனாவுக்கு வருவோம். அது பிரஷ்யாவுக்கு உட்பட்ட ஊர். இரண்டுக்கும் நடுவே எல்லை என்பது ஒரு தெருதான். அல்டோனா தண்ணீர் எடுத்தது ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு. ஆனால் மணலில் வடிகட்டித்தான் குழாயில் விட்டார்கள். தெருவின் ஒரு பக்கம் சாவு, மறு பக்கம் ஏறத்தாழ அமைதி. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனாவின் குழாயில் நீர் பெற்ற ஒரு குடியிருப்பு வளாகம் இருந்தது. அங்கே காலரா எட்டிப் பார்க்கவில்லை. கோக் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அரசுகளை ஒப்பிட இதைவிடச் சுத்தமான பரிசோதனை எங்கே கிடைக்கும்? ஒரே ஆறு, ஒரே காற்று, ஒரே மொழி. வேறுபட்டது நகராட்சி மட்டும்.

புதியவன்:

படிக்கவே வயிறு கலங்குகிறது. தொடருங்கள்.

வாசல்தட்டி:

கொரோனாக் காலத்தில் வீடு வீடாகப் போய்த் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியும் வேலை பார்த்தவள் நான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அமைச்சர், மேயர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

அறிக்கையில் "தொடர்பாளர்கள் கண்டறியப்பட்டனர்" என்று ஒரு வரி இருக்கும். நேரில் அது இப்படி நடக்கும்: நோயாளியிடம் "யார் யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெயர்களைத்தான் முதலில் சொல்வார். வீட்டார், அண்டை வீட்டார். உட்கார்ந்து அரை மணி நேரம் வேறு எதையாவது பேச வேண்டும். பேசி முடித்து, எழுதிய தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து கிளம்பும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி ஒரு பெயர் சொல்வார். கடன் வாங்கப் போன வீடு, வீட்டாருக்குத் தெரியாத ஒரு சிநேகம், விடுப்பு எடுத்துவிட்டுத் திருட்டுத்தனமாகப் பார்த்த இன்னொரு வேலை. நமக்கு வேண்டிய பெயர் அதுதான். எனக்கு மேலே இருந்தவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை தொலைபேசி அழைப்புகள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வேகத்தில் ஓடினால் வாசல் பெயர் ஒன்றுகூடக் கிடைக்காது.

அதனால்தான் நைஜீரியாவின் 2014 எபோலாவை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தனியார் மருத்துவமனைக்குப் போனார். அங்கே மருத்துவர் அமெயோ அடடேவோ அவரை வெளியே விடவில்லை. "அனுப்புங்கள்" என்று மேலிருந்து அழுத்தம் வந்தது, அவர் அசையவில்லை. நோய் அவருக்கும் தொற்றி, ஆகஸ்டில் இறந்தார். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிய அவசரநிலை மையத்தின் அனுபவசாலிகளை அரசு அப்படியே எபோலாவுக்குத் திருப்பியது. கிட்டத்தட்ட 900 தொடர்பாளர்கள், சுமார் 18,500 நேரடிச் சந்திப்புகள். அத்தனை பெரிய நகரத்தில் நுழைந்த எபோலா 20 பேரோடு நின்றது. 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நாடு எபோலா இல்லாததாக அறிவிக்கப்பட்டது. மதிப்பெண் பட்டியலில் அந்த 18,500 சந்திப்புகளுக்கு எந்தக் கட்டம்?

கறார்பேர்வழி:

மருத்துவர் பூட்டி வைத்ததால்தான் நைஜீரியா தப்பித்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுவும் கட்டாயம்தானே அம்மா?

வாசல்தட்டி:

ஒருவரை, காரணத்தோடு, சிகிச்சையோடு பிடித்து வைப்பது வேறு. ஒரு பேட்டையையே அடைப்பது வேறு. அதே ஆகஸ்டில் லைபீரியா என்ன செய்தது தெரியுமா? மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை இரவோடிரவாக முள்கம்பியும் ராணுவமுமாக வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் பல்லாயிரம் பேர், அன்றாடம் வெளியே போனால்தான் சாப்பாடு. கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் முற்றுகையை எடுத்துவிட்டார்கள். தலைநகரில் சடலங்களை எரித்தே தீர வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. புதைப்பதே வழக்கமான மக்களிடம் அது எப்படி எடுபடும்? சிலர் நோயாளிகளையும் சடலங்களையும் மறைத்தார்கள். அந்தந்தப் பகுதியினரே குழு அமைத்துக் கண்காணிக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை திரும்பியது.

பழையகோப்பு:

இதற்கு நம் பக்கத்திலேயே முன்கதை இருக்கிறது. 1897 புனே பிளேக். ராணுவத்தினர் வீடு புகுந்து சோதித்தார்கள், பெண்களை அவமதிப்பாக நடத்தினார்கள், ஆட்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். பொறுப்பிலிருந்த ராண்ட் என்ற அதிகாரி ஜூன் 22 அன்று சுடப்பட்டார். அந்த ஆண்டு பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இலும் எடுத்துத் தூசி தட்டினார்கள்.

எதிர்க்கேள்வி:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கம் நான் பேசுகிறேன். பசிபிக் தீவு நாடான சமோவா, 2019. தட்டம்மையில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நாட்டின் மக்கள்தொகையே இரண்டு லட்சம்தான். டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே நிறுத்தியது. தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. குழுக்கள் துணியைப் பார்த்து வீடு வீடாக நுழைந்தன. போடத் தகுந்தவர்களில் 95 சதவீதத்தை எட்டினார்கள். கட்டாயம் வேலை செய்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வாசல்தட்டி:

வேலை செய்தது, சரி. ஏன் அந்த நிலை வந்தது? 2018-இல் தடுப்பூசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பிழை செவிலியர்களுடையது, தடுப்பூசியுடையது அல்ல. ஆனால் அரசு அந்தத் தடுப்பூசியையே பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில் வதந்திக்காரர்கள் புகுந்துகொண்டார்கள். தடுப்பூசி விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தட்டம்மை அப்போது பக்கத்திலிருந்த டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் போனது. அங்கே ஒருவரும் சாகவில்லை, ஏனென்றால் குழந்தைகளுக்கு முன்பே ஊசி போட்டிருந்தார்கள். சிவப்புத் துணியைப் பாராட்டுகிறவர்கள் டோங்காவை மறந்துவிடுகிறார்கள். ஒன்றுமே நடக்காத ஊரைப் பற்றி யார் செய்தி போடுவார்கள்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துணியைக் கட்டியவர்கள் வீட்டுக்காரர்கள்தான். வாருங்கள் என்று கூப்பிடுகிற துணி அது. முள்கம்பியோடு அதைச் சேர்க்க மாட்டேன்.

எண்சுவடி:

எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம். வடகாற்று எடுத்தவுடனே அறிவிக்கப்பட்ட சாவுகளை வைத்து ஒப்பிட்டார். அதில்தான் சிக்கல். யார் அதிகம் சோதிக்கிறார்களோ, யார் ஒழுங்காக எழுதி வைக்கிறார்களோ அவர்கள் மோசமாகத் தெரிவார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட கொரோனாச் சாவுகள் சுமார் 54 லட்சம். வழக்கமாக இறப்பவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டபோது வந்தது 1.49 கோடி. கணக்கிட்ட முறையே தவறு என்று இந்தியா எதிர்த்ததும் நினைவிருக்கலாம்.

ஸ்வீடன் சண்டையும் இப்படித்தான். 2020-ஐ மட்டும் எடுத்து நார்வே, ஃபின்லாந்து பக்கத்தில் வைத்தால் ஸ்வீடன் படுதோல்வி. 2022 முடிவு வரை நீட்டி ஐரோப்பா முழுவதோடு வைத்தால் கூடுதல் இறப்பு குறைந்த நாடுகளில் ஒன்று. இரண்டும் உண்மை. அவர்களே அமைத்த விசாரணை ஆணையம் என்ன சொன்னது என்று இரண்டு கட்சியும் படிப்பதில்லை. 2020 வசந்தத்தில் எடுத்த நடவடிக்கைகள் போதாதவை, தாமதமானவை, முதியோரைக் காக்கத் தவறியது என்று குட்டியது. மக்களை நம்பி விட்ட பாதை அடிப்படையில் சரி என்றும் அதே ஆணையம் சொன்னது. தன் குறையைத் தானே அச்சிட்டு வெளியிடும் அரசுக்கு என் ஏட்டில் தனி மதிப்பெண் உண்டு.

அந்த மதிப்பெண்ணில் பெருவுக்குத்தான் முதலிடம். அந்த நாட்டின் கதை என்னை விட்டுப் போவதில்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1991 ஜனவரியில் பெருவின் துறைமுக நகரங்களில் காலரா வந்தது. மறைக்காமல் அறிவித்தார்கள். அந்த ஆண்டு மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் நோயாளிகள். இறந்தவர்கள் சுமார் 2,900, அதாவது நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. உப்பு சர்க்கரைக் கரைசலும் அசராத சுகாதார ஊழியர்களும் சாதித்தது அது. உலகம் என்ன பரிசு கொடுத்தது? பெருவின் மீனுக்குத் தடை, சுற்றுலாவுக்கு அடி. பயந்துபோன அதிபர் ஃபுஜிமோரி, சுகாதார அமைச்சர் "பச்சை மீன் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கேமரா முன்னால் பச்சை மீனைச் சாப்பிட்டுக் காட்டினார். அமைச்சர் பதவி விலகினார்.

2020 மார்ச் 16. நோயாளிகள் நூறைத் தொடுவதற்கு முன்பே பெரு நாட்டை மூடியது. தென்னமெரிக்காவில் முந்திக்கொண்ட, கடுமையான ஊரடங்குகளில் ஒன்று. கறார்பேர்வழியின் பாடநூலில் உள்ளபடியே எல்லாம் நடந்தது, ராணுவம் உட்பட. ஆனால் உழைப்பவர்களில் பத்தில் ஏழு பேர் முறைசாராத் தொழிலில் இருந்தார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, எனவே அடிக்கடி சந்தைக்குப் போயே ஆக வேண்டும். அரசு ஏழைக் குடும்பங்களுக்கு 380 சோல் உதவித்தொகை அறிவித்தது. நல்ல காரியம். பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாங்க வங்கி வாசலில் வரிசை. ஆண்களுக்குச் சில நாள், பெண்களுக்குச் சில நாள் என்று வெளியே போகும் நாள்களைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வாங்குவது பெண்கள் என்பதால் பெண்கள் நாளில் சந்தை பிதுங்கியது. சில நாள்களிலேயே அந்த விதியைக் கைவிட்டார்கள். பிறகு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது.

2021 மே 31 அன்று அரசு தன் கணக்கைத் திருத்தியது. சுமார் 69,000 என்றிருந்த சாவு 1,80,000-ஐத் தாண்டியது. ஒரே நாளில், மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மோசமான நாடு என்ற பெயர். அண்டை நாடுகள் பழைய கணக்கோடு கௌரவமாக உட்கார்ந்திருந்தன.

வடகாற்று:

மறைத்தால் நோய் தண்டிக்கிறது, சொன்னால் உலகம் தண்டிக்கிறது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கும் இதுதானே? ஒமிக்ரான் என்ற புதிய கொரோனாத் திரிபைக் கண்டறிந்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். ஓரிரு நாளில் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். 1994-இல் சூரத் பிளேக்கின்போதும் பயணத் தடை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் பல நாடுகள் கதவைச் சாத்தின. இப்படி இருக்கையில், அடுத்த முறை வாயைத் திறக்கும் அரசுக்கு என்ன ஆதாயம்?

எதிர்க்கேள்வி:

வேகத்தையும் அளவுக்கு மீறிப் புகழாதீர்கள். 1976-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் ஒரு வீரர் பன்றிக் காய்ச்சலில் இறந்தார். அதிபர் ஃபோர்டு நாடு முழுவதற்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். கொள்ளைநோய் வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் சிலருக்கு கில்லன் பாரே என்ற நரம்புப் பாதிப்பு வந்ததும் டிசம்பரில் நிறுத்தினார்கள். வேகமும் துணிவும் வெளிப்படைத்தன்மையும் இருந்த அரசு அது. தேறியதா, தவறியதா?

எண்சுவடி:

அன்று கையிலிருந்த தகவலுக்கு முடிவு நியாயம்தான். ஊசியைத் தயாரித்து அடுக்கி வைத்துக்கொண்டு, நோய் பரவுகிறதா என்று பார்த்துப் போட்டிருக்கலாம். அந்த யோசனை அப்போதே சிலரால் முன்வைக்கப்பட்டது. தயாரிப்பதையும் போடுவதையும் ஒரே முடிவாகக் கட்டியதுதான் கோளாறு.

என்னைக் கேட்டால் ஒரு அரசை அதன் பழைய தோல்வியோடு ஒப்பிடுவது நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதைவிடப் பயன் தரும். தென் கொரியா 2015-இல் மெர்ஸ் என்ற மூச்சுத்தொற்றிடம் அடி வாங்கியது: 186 நோயாளிகள், 38 சாவு. நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயரை முதலில் வெளியிட மறுத்தார்கள். தெரியாமல் மக்கள் அங்கேயே போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி, நெருக்கடியில் சோதனைக் கருவிகளுக்கு விரைந்து அனுமதி தர வழி செய்தார்கள். 2020 ஜனவரி இறுதியில், கொரோனா நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோதே, நிறுவனங்களைச் சியோல் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சோதனைக் கருவி செய்யச் சொன்னார்கள்.

கறார்பேர்வழி:

எல்லாம் சரி. ஆனால் வீட்டிலேயே இரு என்றால் இருக்காதவனை என்ன செய்வது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேமராவும் அபராதமும்தான் வழி. 2003-இல் சிங்கப்பூர் தனிமையில் இருந்தவர் வீட்டில் கேமரா வைத்ததே!

வாசல்தட்டி:

வைத்தது. வருமானம் போன சுயதொழில்காரருக்கு நாள்படி உதவித்தொகையும் கொடுத்தது. அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

2020-இல் இங்கிலாந்து சோதனைக்கும் தடமறிதலுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு 3,700 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதே நாட்டில் நோய் விடுப்புக்குச் சட்டப்படி கிடைத்தது வாரத்துக்கு 95 பவுண்டு 85 பென்ஸ். குறைந்த வருமானக்காரருக்கு 500 பவுண்டு கிடைக்கத் தொடங்கவே செப்டம்பர் இறுதி ஆகிவிட்டது. நான் வாசலில் நின்று பதினான்கு நாள் வெளியே போகாதீர்கள் என்று சொன்ன எத்தனையோ பேர் முகத்தில் கோபமே இருக்காது. தலையை ஆட்டுவார்கள். "சம்பளம்?" என்று ஒரே ஒரு சொல் கேட்பார்கள். என்னிடம் இருந்த படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. அங்கே கேமரா வைத்திருந்தால், அவர் காலையில் வேலைக்குக் கிளம்புவது தெளிவாகப் பதிவாகியிருக்கும்.